சாம்பலுக்குள் ஒரு வீடு

சான்டொரினிங்கிற பேரைக் கேள்விப்படாதவங்ககூட அந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. டிராவல் ஏஜென்சி சுவரில், மாசக் காலண்டரில், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரின் வால்பேப்பரில், எங்கேயாவது. கீழே கருநீலக் கடல். மேலே செங்குத்தான மலை விளிம்பு. அந்த விளிம்பில் இட்லியைத் தட்டோடு கவிழ்த்த மாதிரி வெள்ளை வெளேர்னு வீடுகள், நடுநடுவே நீலக் குவிமாடம் வெச்ச சர்ச்சுகள்.

எந்த மூலையில் நின்னா போட்டோ நல்லா வரும், எந்த ஓட்டலில் ஆக்டோபஸ் நல்லா இருக்கும் என்பதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைக் குடைந்த கேள்வி வேறே. கால் தவறினால் முன்னூறு மீட்டர் கீழே கடல் என்கிற இடத்தில் எவன் போய் வீடு கட்டினான்? தீவின் அந்தப் பக்கம் சமவெளி, மணல் கடற்கரை, திராட்சைத் தோட்டம் எல்லாம் சௌகரியமாக இருக்கும்போது ஏன் இந்த வேண்டாத வேலை?

அங்கே யாரும் கட்டவில்லை, குடைந்தார்கள் என்பது பதிலின் முதல் பாதி. குடைந்தவர்கள் அந்த ஊரிலேயே கையில் காசில்லாதவர்கள் என்பது இரண்டாவது பாதி. அதே குடைவுக்குள் சீசனில் ஓர் இரவு படுத்து எழ இன்றைக்கு 500 யூரோ கேட்டால் அது சாதாரண ரேட். இது எப்படி நடந்தது என்று சொல்ல மூவாயிரத்து அறுநூறு வருஷம் பின்னாடி போகணும். பயப்படாதீங்க, வேகமாகத் திரும்பி வந்துடலாம்.

சான்டொரினி ஒரு தீவு என்பதைவிட, ஒரு தீவின் மிச்சம் என்று சொல்வது பொருத்தம். பழைய பெயர் தேரா. கிரேக்க அரசு ஆவணங்களில் இன்றும் அதுதான் பெயர். வெண்கலக் காலத்தில் இங்கே நடந்த ஒரு எரிமலை வெடிப்பில் தீவின் நடுப்பகுதி உள்வாங்கி இடிந்து விழுந்தது. கடல் உள்ளே புகுந்தது. சுமார் 12 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் உள்ள அந்தப் பள்ளத்தைத்தான் கால்டேரா என்கிறார்கள். நாம் படத்தில் பார்க்கிற செங்குத்து மலை, அந்தப் பள்ளத்தின் உள்சுவர். வெடிப்பு எந்த வருஷம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் குடுமிப்பிடி சண்டை. நுரைக்கல் அடுக்கில் புதைந்து கிடைத்த ஓர் ஆலிவ் மரக்கிளையை வைத்து 2006ல் வெளியான ஆய்வு கி.மு. 1627க்கும் 1600க்கும் இடையே என்றது. இல்லை, அதற்கும் பிறகு, கி.மு. 16ஆம் நூற்றாண்டில்தான் என்று வாதாடுபவர்களும் உண்டு.

நமக்கு முக்கியம் வெடித்த தேதி இல்லை, விழுந்த சாம்பல். சாம்பலும் நுரைக்கல்லும் சேர்ந்து தீவை மூடின. சில இடங்களில் முப்பது மீட்டருக்கும் மேலான கனம், அதாவது பத்து மாடி உயரம். இந்த சாம்பலை மறந்துடாதீங்க, கதை முழுக்க வரும்.

தெற்குப் பக்கம் அக்ரோதிரி என்ற இடத்தில் சாம்பலுக்கு அடியில் ஒரு ஊரே இருந்தது. ஸ்பிரிடோன் மரினாதோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் 1967ல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். 1974ல் அந்தக் குழியிலேயே ஒரு விபத்தில் இறந்துபோனார். இரண்டு மூன்று மாடி வீடுகள், கல் பாவிய தெரு, மாடியில் கழிவறை, அதிலிருந்து சுவருக்குள் மண்குழாய் வைத்துத் தெருச் சாக்கடைக்கு இணைப்பு என்று எல்லாம் அப்படியே கிடைத்தது. ஆனால் வெடிப்பில் சிக்கி இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் இல்லை. பெரிய வெடிப்புக்கு முன்னால் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. ஊரைக் காலி செய்திருக்கிறார்கள். பிறகு சிலர் திரும்பி வந்து இடிபாடுகளை ஒதுக்கி, செப்பனிடும் வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். அது பாதியில் நிற்கும்போது மறுபடியும் எல்லாரும் கிளம்பியிருக்கிறார்கள். பொன்னையும் பொருளையும்கூட பெரும்பாலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே போனார்கள், கப்பலில் தப்பினார்களா, நடுக்கடலில் மாட்டினார்களா என்பதற்கு சாம்பலில் பதில் இல்லை.

2024 நவம்பரில் அங்கே போயிருந்தேன். ஜெர்மனியில் ஆன்சைட். ப்ராஜெக்ட் ரிலீஸ் முடிந்த கையோடு நாலு நாள் லீவு, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து எட்டு மணி நேரக் கப்பல். ஆஃப் சீசன் என்பதால் பாதி ஊருக்குப் பூட்டு. அக்ரோதிரியின் மேல் இப்போது பெரிய கூரை போட்டிருக்கிறார்கள். அந்தக் கூரையின் ஒரு பகுதி 2005 செப்டம்பரில் இடிந்து ஒரு பயணி இறந்து, 2012 வரை அகழாய்வுத் தளத்தையே மூடிவைத்திருந்தார்கள். இப்போது பலகை நடைபாதையில் நடந்து மேலிருந்து பார்க்கலாம். நான் போன நேரம் மொத்தமாக ஒரு இருபது பேர் இருந்தால் அதிகம். ஒரு தெருமுனையில் நின்று அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தபோது, உள்ளேயிருந்து யாராவது 'என்ன வேணும்?' என்று கேட்டுவிடுவார்களோ என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. அக்ரோதிரி சுவரோவியங்களில் நீல நிறக் குரங்குகள் பாறை மேல் ஏறி விளையாடுகிற படம் ஒன்று பிரசித்தம். ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019ல் குரங்கு ஆய்வாளர்களும் ஓவிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒரு கட்டுரை, வால் மேல்நோக்கி வளைந்து நிற்கிற விதத்தை வைத்து, இவை நம்ம ஊர்ப் பக்கத்து சாம்பல் மந்திகள் என்றது. அப்படியானால் ஏதோ ஒரு வழியாக, நாலு கை மாறியாவது, சிந்துவெளிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவு வரை விஷயம் எட்டியிருக்கிறது. இல்லை, ஆப்பிரிக்கக் குரங்குதான் என்று மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். என் வோட்டு மந்திக்குத்தான் :-)

சரி, சாம்பலுக்கு வருவோம்.

பொங்கிக் கொட்டிய அந்த எரிமலைச் சாம்பலோடு சுண்ணாம்பைக் கலந்தால் தண்ணீருக்குள்ளேயும் இறுகுகிற காரை கிடைக்கும். ரோமானியர் காலத்து வித்தை. இத்தாலியில் கிடைக்கும் இதே வகை மண்ணைப் போஸோலானா என்பார்கள். 1860களில் சூயஸ் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தபோது துறைமுகச் சுவர்களுக்குக் கடல்நீரில் நிற்கக்கூடிய காரை கப்பல் கப்பலாகத் தேவைப்பட்டது. சான்டொரினிக்கு எதிரே இருக்கும் குட்டித் தீவான தெரசியாவில் குவாரிகள் வைத்து சாம்பலை அள்ளினார்கள். அள்ளிக்கொண்டே போனபோது அடியில் கல் சுவர்கள் தட்டுப்பட்டன. 1866ல் கால்டேராவின் நடுவே எரிமலை மறுபடி கக்க ஆரம்பிக்க, அதைப் பார்க்க வந்தவர்களில் ஃபெர்டினான்ட் ஃபூக்கே என்ற பிரெஞ்சு நிலவியலாளரும் ஒருவர். சாம்பலுக்குக் கீழே சுவர் இருக்கிறது என்றால் சாம்பல் விழும் முன்பே மனிதர்கள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லி, தெரசியாவிலும் அக்ரோதிரியிலும் தோண்டிப் பார்த்தவர் அவர். மரினாதோஸுக்கு நூறு வருஷம் முன்னாடி! 1869ல் கால்வாய் திறந்தது. அதற்குப் பிறகு லண்டனிலிருந்து கொழும்புக்கும் மெட்ராஸுக்கும் வந்த கப்பல்கள் எல்லாம் இந்தத் தீவின் சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் வந்திருக்கின்றன.

இதே சாம்பல்தான் வீட்டுக்கும். தீவில் மரம் கிடையாது. காடு இல்லாத இடத்தில் உத்தரத்துக்கும் கட்டைக்கும் எங்கே போக? ஆனால் சாம்பல் அடுக்கு ஒரு விசித்திரமான பொருள். கடப்பாரையால் வெட்டினால் வெட்டுப்படும், வெட்டிய பிறகு சரியாமல் நிற்கும். ஆகவே ஏழைகள் மலைச்சுவரில் நேராக உள்ளே குடைந்தார்கள். இப்போஸ்கஃபா என்று கிரேக்கத்தில் பெயர், குடைவீடு என்று வைத்துக்கொள்வோம். பீப்பாயை நெடுக்கில் அறுத்துக் கவிழ்த்த மாதிரி வளைகூரை. முன்னால் ஒடுக்கமான முகப்பு, நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், கதவுக்கு மேலே இன்னொரு ஜன்னல். உள்ளே போனால் முன்னறை. அதற்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர், அதிலும் இதே மாதிரி கதவும் ஜன்னல்களும். ஏனென்றால் பின்னறைக்கு வெளிச்சம் வர வேறு வழி கிடையாது, முன்னறையிடம் கடன் வாங்கித்தான் ஆகணும். கழிவறை வெளியே முற்றத்தில். முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி. கூரையில் விழுகிற ஒரு சொட்டு வீணாகாமல் அதற்குள் இறங்கும். தீவில் ஆறு கிடையாது, ஊற்றும் அபூர்வம். கீழ் வீட்டுக்காரனின் கூரை, மேல் வீட்டுக்காரனின் முற்றம். கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு, கூடவே வருஷம் பூரா ஈர வாடை. அந்த வாடையைப் பற்றி எந்த விளம்பரத்திலும் எழுதமாட்டார்கள்.

இப்போ முதல் கேள்விக்குப் பதில். வடக்கு முனையில் இருக்கும் இயா ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயாக்காரர்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட பாய்மரக் கப்பல்கள் இருந்தன. அலெக்சாந்திரியாவிலிருந்து கருங்கடல் வரை சரக்கு ஓட்டினார்கள். வெயிலில் காயவைத்த திராட்சையில் செய்யும் வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயின் ரஷ்யாவுக்குப் போனது, அங்கே தேவாலயங்களில் நற்கருணைக்குப் பயன்பட்டது. காசு பார்த்த கப்பல் கேப்டன்கள் மேட்டின் உச்சியில், தட்டையான தரையில், கல்லால் இரண்டு மாடி வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றும் பார்க்கலாம், மஞ்சளும் செம்மண் நிறமுமாக நிற்கும். அப்படி ஒரு கேப்டன் மாளிகையில்தான் இப்போது கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கப்பல்களில் கயிறு இழுத்த மாலுமிகளுக்கு உச்சியில் இடம் கிடையாது. கிழக்குச் சரிவில் நல்ல நிலம் எல்லாம் திராட்சைக்கு. மிச்சம் இருந்தது, எதற்கும் உதவாத மலைவிளிம்பு மட்டும். காற்று அடித்து நொறுக்கும், உழ முடியாது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கணும். அங்கே போய்க் குடைந்துகொண்டார்கள். கால்டேரா 'வியூ'வுக்கு அன்றைக்கு ஒரு தம்பிடி விலை கிடையாது. சொல்லப்போனால் காசுள்ளவன் முதுகு காட்டிய திசை அது.

பிறகு நீராவிக் கப்பல் வந்து பாய்மரத்தைத் தின்றது. 1917 புரட்சியோடு ரஷ்ய வியாபாரமும் போயிற்று. ஊர் மெல்ல மெல்ல இளைத்தது. மிச்சத்தை முடித்துவைத்தது 1956.

1956 ஜூலை 9, விடிகாலை ஐந்து மணி தாண்டிப் பத்து நிமிஷம். அமோர்கோஸ் தீவுக்கு அருகே கடலடியில் மையம், ரிக்டரில் 7.5க்கும் மேல். பதின்மூன்று நிமிஷம் கழித்து இரண்டாவது பெரிய அதிர்வு. சுனாமியும் வந்தது. 53 பேர் இறந்தார்கள். 500க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டம், 1,400க்கும் மேற்பட்டவை பலத்த சேதம். 20ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் கண்ட மிகப்பெரிய நிலநடுக்கம் அது.

இந்த நம்பரையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். நான் இதைக் கேட்டது ஒரு அடுப்படியில். கார்தெராதோஸ் என்று தீவின் உட்பக்கம் ஒரு ஊர். கடல் வியூ லவலேசமும் கிடையாது, அதனால் வாடகை ஓர் இரவுக்கு 40 யூரோ. வீட்டுக்கார அம்மாவுக்கு வயசு எண்பது. கிரேக்கத்தில் பாட்டியை யாயா என்பார்கள், இரண்டாம் நாளிலிருந்து நானும் யாயா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை 'பெதி மு' என்றார். என் பிள்ளையே என்று அர்த்தம். அவருக்கு ஆங்கிலம் வராது, மருமகள் மொழிபெயர்த்தார். மழை வேறே, வெளியே போக வழியில்லை. சான்டொரினியின் மஞ்சள் பருப்பை (ஃபாவா என்பார்கள், நம்ம பருப்புக் கடைசலேதான், தாளிப்பு மட்டும் மிஸ்ஸிங்) தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் பிறந்தது இயாவில், மலைவிளிம்புக் குடைவீட்டில். அப்பா குவாரித் தொழிலாளி. அதாவது பகலெல்லாம் சாம்பல் வெட்டிவிட்டு, ராத்திரி சாம்பலுக்குள் வந்து தூங்குகிற மனுஷன். நிலநடுக்கத்தன்று யாயாவுக்குப் பன்னிரண்டு வயசு. முதல் அதிர்வில் அம்மா பிள்ளைகளை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாராம். அப்பா ஒரு கம்பளிக்காகத் திரும்ப உள்ளே போகப் பார்த்திருக்கிறார், அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறார். இரண்டாவது அதிர்வில் முகப்புச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. "புழுதி அடங்கினப்புறம் எதிர் வீடு இருந்த இடத்தில் வானம் தெரிஞ்சது" என்றார். கோடை முழுக்கக் கூடாரத்தில். பிறகு பிரேயஸ். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

ஏதென்ஸ் பள்ளிக்கூடத்தில் எங்கே இருந்து வர்றே என்று கேட்டால் சான்டொரினி என்று மட்டும் சொல்வாராம். குகையில் வளர்ந்தோம் என்று சொல்ல வெட்கம். கல்யாணம் ஆகி இந்த ஊருக்குத் திரும்பி வந்தார். கூரை விரிசல் விட்ட அந்தக் குடைவீட்டை 1970களில் அப்பா ஒரு வெளிநாட்டுக்காரருக்கு விற்றுவிட்டார். கிடைத்த காசில் ஒரு ஃபிரிட்ஜும் தையல் மிஷினும் வாங்கினார்கள். தையல் மிஷின் இன்னும் ஓடுகிறது, காட்டினார்.

அதற்காக அந்த அப்பாவை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு இயாவின் நிலைமை அப்படி. நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசாங்கம் கோன்ஸ்தாந்தினோஸ் தெகவாலாஸ் என்ற இளம் கட்டடக் கலைஞரின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. பழைய வளைகூரை வடிவத்தையே எடுத்து, நிலநடுக்கம் தாங்கும்படி மாற்றி, புதுக் குடியிருப்புகள் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல வேலை அது. இன்றைக்கு ரிசார்ட் ஊர் என்று நாம் நினைக்கிற கமாரியிலேயே அப்படி வீடு கிடைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் மலைவிளிம்பின் பெரும்பகுதி இடிந்தபடியே கிடந்தது. ஆள் போய்விட்ட ஊரின் வீட்டை யார் வாங்குவார்?

திருப்பம் வந்தது 1970களின் நடுவில். ராணுவ ஆட்சி 1974ல் விழுந்த பிறகு, கிரேக்க தேசிய சுற்றுலா நிறுவனம் ஒரு திட்டம் போட்டது. சுருக்கமாக ஏயோட் என்பார்கள். கைவிடப்படும் பழைய ஊர்களைத் தேர்ந்தெடுத்து, புதிய ஓட்டல் கட்டாமல், இருக்கிற வீடுகளையே செப்பனிட்டுத் தங்கும் விடுதிகளாக மாற்றுவது. மானி பகுதியில் வாத்தியா, கியோஸ் தீவில் மெஸ்தா, பெலியோன் மலையில் விசித்ஸா, எப்பைரஸில் பாப்பிகோ, சான்டொரினியில் இயா. வீட்டுக்காரர் வீட்டை விற்க வேண்டாம். குறிப்பிட்ட வருஷங்களுக்கு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் போதும். அவர்கள் செலவில் செப்பனிட்டு, விடுதியாக நடத்தி, காலம் முடிந்ததும் வீடு உரிமையாளருக்கே திரும்பும். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் யாராவது உருப்படியாக யோசித்தார்கள் என்றால் அது இவர்கள்தான். ஊரைக் காப்பாற்றவும் செய்தார்கள், ஊர்க்காரனின் பத்திரத்தையும் பிடுங்கவில்லை.

திட்டம் ஜெயித்தது. ரொம்பவே ஜெயித்தது. குகையில் தங்குவது கேவலம் இல்லை, ஃபாஷன் என்று ஐரோப்பாவுக்கு அது கற்றுக்கொடுத்துவிட்டது. தனியார் வந்தார்கள். ஒன்றாக இருந்த குடைவுகள் சூட் ஆயின, ஒயின் பாதாள அறைகள் ஸ்பா ஆயின. பல இடங்களில் முற்றத்து மழைநீர்த் தொட்டியே உடைந்து திறந்து நீச்சல் தொட்டி ஆயிற்று.

இன்னொரு பக்கம் சாதாரண ஜனங்களும் தங்கள் பங்குக்கு ஒரு விடுதித் தொழில் நடத்தினார்கள். தொமாத்யா என்று பெயர், 'அறைகள்' என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. எழுபது எண்பதுகளில் கப்பல் வந்து நின்றால் துறைமுகத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாக்கள் வரிசையாக நிற்பார்களாம். பெண்ணின் அறை, பையன் பட்டாளத்துக்குப் போனதால் காலியான அறை, இப்படி வீட்டில் எது காலியோ அது வாடகைக்கு. யாயாவும் நின்றிருக்கிறார். எந்தப் பயணி சண்டைக்காரன், எவன் நல்ல பிள்ளை என்று கப்பல் படியில் இறங்கும்போதே தெரிந்துவிடும் என்றார். அந்தக் காசில்தான் மகனைப் படிக்க வைத்தார். வந்தவர் வீட்டுக்காரியின் அடுப்படி வழியாகத்தான் அறைக்குப் போகணும், ஆகவே நல்லது கெட்டது ரெண்டு பக்கமும் தெரியும்.

இப்போது அந்த அட்டையின் வேலையை மொபைல் ஆப் பார்த்துக்கொள்கிறது. தொழில்ரீதியாக இதைப் பாராட்டத்தான் எனக்குத் தோன்றணும். தேடல் பக்கத்தில் 'குகை வீடு', 'கால்டேரா வியூ' என்று வடிகட்டிகள் இருக்கின்றன. டிக் அடித்தால் விலை மூன்று மடங்கு, நாலு மடங்கு ஏறுகிறது. அந்த டிக் பாக்ஸுக்குள் இருப்பது யாயா சொல்லக் கூச்சப்பட்ட முகவரி. பல வீடுகளில் சாவியைக் கொடுக்க ஆளே வருவதில்லை. கதவில் நம்பர் பூட்டு, போனில் நாலு இலக்கம். உரிமையாளர் ஏதென்ஸிலோ வேறு நாட்டிலோ இருக்கலாம், அது ஒரு கம்பெனியாகவும் இருக்கலாம்.

தீவு சுமார் 76 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். 2023ல் வந்து போனவர்கள் 34 லட்சம் என்று கணக்கு. 2024 ஜூலையில் ஒரே நாளில் சொகுசுக் கப்பல்களிலிருந்து மட்டும் 17 ஆயிரம் பேர் இறங்கப்போகிறார்கள் என்று, உள்ளூர்க்காரர்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்படி ஊராட்சிப் பொறுப்பாளர் ஒருவர் இணையத்தில் கேட்டுக்கொள்ள, பெரிய ரகளை ஆயிற்று. சொந்த ஊரில் வீட்டுக்குள் இருங்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 2025லிருந்து கப்பல் பயணிகளுக்கு ஒரு நாளைக்கு 8 ஆயிரம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த ஜூலையிலிருந்து உச்ச சீசனில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வந்தது. தீவில் ஐந்தில் ஒரு பங்கு கட்டடமாகிவிட்டது, இனி ஒரு கட்டில்கூடக் கூடுதலாக வேண்டாம் என்று மேயரே சொல்லிப் பார்த்துவிட்டார்.

கட்டில் பெருகப் பெருக உள்ளூரில் தங்கத்தான் இடம் இல்லை. மாற்றலாகி வரும் பள்ளிக்கூட டீச்சருக்கும் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் மே மாதம் வந்தால் காலி செய்யச் சொல்கிறார்கள், சீசன் ஆரம்பம். யாயாவின் மருமகள் சொன்னார், அவருடைய மகனின் கணக்கு வாத்தியார் ஒரு வருஷத்தில் மூன்று வீடு மாறினாராம். யாயாவின் பேரன் கோடையில் இயாவில் ஒரு ஓட்டலில் பெட்டி தூக்குகிறான். பாட்டி பிறந்த வீடு அந்த ஓட்டலுக்கு இரண்டு படி கீழே. அவனும் இதுவரை உள்ளே போனதில்லை, வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

நான் போய்ப் பார்த்தேன். அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார்: இந்த சர்ச், அதற்குக் கீழே இத்தனை படி, இடது பக்கம். நவம்பர் ஆகையால் பூட்டிக் கிடந்தது. கதவு, இரண்டு ஜன்னல், மேலே ஒரு ஜன்னல். அப்பா கம்பளிக்காகத் திரும்பிய வாசல். முற்றத்தில் வெள்ளை வட்டமாக ஒரு குட்டி நீச்சல் தொட்டி, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வெள்ளையடித்தது நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து, "எங்க குடிதண்ணி இங்கேதான் இருந்தது" என்றார்.

நான் திரும்பி வந்து மூன்று மாசம் ஆகவில்லை. 2025 ஜனவரி கடைசியில் சான்டொரினிக்கும் அமோர்கோஸுக்கும் நடுவே கடலடியில் நில அதிர்வுகள் ஆரம்பித்தன. ஒன்று இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். சில நாட்களில் சில நிமிஷங்களுக்கு ஒன்று. பிப்ரவரி 10ஆம் தேதி வந்தது 5.3. பதினோராயிரம் பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டுக் கிளம்பினார்கள். அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. கடலடியில் மக்மா ஒரு விரிசல் வழியாகப் பக்கவாட்டில் ஏறியதுதான் காரணம் என்று அந்த வருஷமே ஆய்வுக் கட்டுரை வந்தது. அப்போது யாருக்கும் அது தெரியாது. 1956 போலப் பெரிதாக வரப்போகிறதா என்ற ஒரே கேள்விதான்.

மருமகளுக்கு மெசேஜ் அனுப்பினேன். பையனை ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டோம், அத்தை மட்டும் அசையமாட்டேன் என்கிறார் என்று பதில் வந்தது. ராத்திரி முற்றத்தில் காருக்குள் தூங்குகிறார்களாம், யாயா பின்சீட்டில், மடியில் கம்பளி. அந்த வாரம் அதிகாரிகள் கொடுத்த அறிவுரைகளில் ஒன்று, நீச்சல் தொட்டிகளில் உள்ள தண்ணீரைக் காலி செய்துவிடுங்கள் என்பது. அதிரும்போது தண்ணீர் அலைமோதினால் கட்டடத்துக்கு ஆபத்து. மலைவிளிம்பு முழுக்க மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

யாயா டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் அப்பாவின் தொட்டியையும் இறைத்துவிட்டார்களா என்று பேரனுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னாராம்.